நீர்நிலைக் காவலும் மாகாணச் சட்டமும்

நீர் நெருப்பை அவிக்கும் என்பது சிறு குழந்தையும் அறிந்த உண்மை. ஆயினும், 1969-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22-ஆம் தேதி, ஐக்கிய அமெரிக்க நாட்டில் ஒஹையோ மாகாணத்துக் கிளீவ்லண்டு நகரின் ஊடே ஓடி ஈரி ஏரியிற் கலக்கும் கயாஹோகா என்னும் ஆறு தீப்பற்றி எரிந்தது. ஆலைகள் பல்லாண்டுகளாக அதனுட் கழித்துவிட்ட எண்ணெயும் குப்பையும் நீர்மேற் படலமாய் மிதந்தன. அவற்றில் ஒரு பொறி வீழ்ந்ததே தீக்குக் காரணம் என்பர். தீ அரைமணி நேரத்திற்குள் அவிந்தது. புகைவண்டிப் பாலங்கள் இரண்டு சேதமுற்றன. அந்நகரத்தார் இதனைப் பெரிதாகக் கருதினாரல்லர். ஏனெனில், 1868 முதல் அவ்வாறு பன்முறை எரிந்ததுண்டு. 1952-இல் மூண்ட தீயோ பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட நஷ்டத்தை விளைத்தது. ஆனால் இம்முறை செய்தி நாடெங்கும் பரவிற்று. நீரே எரியுமாயின் அந்நாட்டின் சட்டம் எங்கே உறங்குகின்றது என்னும் வினா எங்கும் எழுந்தது.

அவ்வினாவிற்கு விடையாக ஒரு சட்டம் பிறந்த வரலாறும், அச்சட்டத்தின் வலிமை பிற்காலத்தில் குறைந்த வரலாறும், குறைந்தவிடத்து மாகாணங்கள் சில முன்வந்து காவல் பூண்ட வரலாறும் மாணவர்கள் அறியத்தக்கன. சட்டம், அரசியல், பௌதிகம், உயிர்நூல் ஆகிய நான்கும் ஒருங்கே கூடும் விஷயம் இது. ஆதலின் இவ்வாண்டு மலரில் இதனைச் சிறிது விரிவாக ஆராயப் புகுகின்றோம்.

1. நாட்டுச் சட்டம் எழுந்த வகை

1972-க்கு முன்னர் அந்நாட்டில் நீர்த்தூய்மை பெரும்பாலும் மாகாணங்களின் பொறுப்பாயிருந்தது. 1948-இல் இயற்றப்பட்ட சமஷ்டிச் சட்டம் பொருளுதவியும் ஆலோசனையும் அளித்ததேயன்றி, அழுக்கு விடுவோரை நேரே அடக்கும் அதிகாரத்தை மிகக் குறைவாகவே அளித்தது. மாகாணங்களோ ஓர் இக்கட்டில் இருந்தன. ஒரு மாகாணம் ஆலைகளைக் கண்டித்தால், அவ்வாலைகள் கண்டிப்பில்லாத அண்டை மாகாணத்திற் குடியேறிவிடும் என்ற அச்சம் ஒருபுறம். மேலைமாகாணம் விட்ட அழுக்கைக் கீழைமாகாணம் குடிக்க வேண்டிய துன்பம் மற்றொருபுறம்.

மேலும், அக்காலத்து விதிகள் ஆற்றின் நிலையை அளந்து, அது கெட்டிருப்பின் கெடுத்தவன் யார் எனத் தேடின. ஓராற்றில் நூறு குழாய்கள் வந்து விழுமிடத்துக் குற்றவாளி இவனே என நாட்டுவது எங்ஙனம்? எனவே வழக்குகள் நடைபெறாமலே ஒழிந்தன.

மெய்ன் மாகாணத்துச் செனட்டராகிய எட்மண்டு மஸ்கி என்பார் இம்முறையை அடியோடு மாற்ற முயன்றார். அவர் முன்னின்று நடத்திய மசோதா 1972-இல் இரு சபைகளிலும் நிறைவேறியது. செலவு மிகுதி என்று கூறி ஜனாதிபதி நிக்ஸன் அதற்கு இசைவு மறுத்தார். மறுத்த மறுநாளே, 1972 அக்டோபர் 18-இல், செனட் சபையில் 52-க்கு 12, பிரதிநிதி சபையில் 247-க்கு 23 என்ற வாக்குகளால் அம்மறுப்பு தள்ளப்பட்டுச் சட்டம் நிலைபெற்றது. இதுவே தூயநீர்ச் சட்டம் என வழங்குவது.

அதன் முறை எளியது. எவரும் அனுமதிப் பத்திரமின்றி ஒரு குழாயின் வழியாகவோ கால்வாயின் வழியாகவோ நாட்டு நீரில் அழுக்கு விடலாகாது. பத்திரம் பெற்றவரும் அதிற் குறித்த அளவைத் தாண்டலாகாது. ஆற்றின் நடுவில் நின்று குற்றவாளியைத் தேடிய காலம் போய், குழாயின் வாயிலேயே காவல் வைக்கும் காலம் வந்தது. இது ஒரு வகைப் பத்திரம். மற்றொரு வகை, சதுப்பு நிலங்களையும் ஓடைகளையும் மண்கொட்டித் தூர்ப்பதற்குரியது. அதனை இராணுவப் பொறியாளர் படையினர் அளிப்பர். சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிலையத்தார் மேற்பார்ப்பர்.

சதுப்பு நிலத்திற்கு இத்துணைக் காவல் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். சதுப்பு நிலம் மழைவெள்ளத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெல்ல மெல்ல விடுகின்றது. வயல்களினின்று கழிந்துவரும் உரச்சத்தை அதன் நாணலும் கோரையும் சேறும் பிடித்து வைக்கின்றன. மீன் குஞ்சுகளுக்கு அது தொட்டில். வழிச்செல்லும் பறவைகளுக்குச் சத்திரம். ஆற்றைக் காத்துச் சதுப்பு நிலத்தைக் கைவிடுதல், மரத்திற்கு வேலியிட்டு வேரை வெட்டுதல் போலாம்.

2. ஒரு சொற்றொடரால் விளைந்த வழக்குகள்

இச்சட்டத்தின் எல்லையை ஒரு சொற்றொடர் வரையறுத்தது. கப்பற் போக்குவரத்துக்குரிய நீர் என்று முதலிற் கூறி, அதற்கு ஐக்கிய நாட்டின் நீர்நிலைகள் என்று சட்டம் பொருள் உரைத்தது. எவை அந்நீர்நிலைகள் என்பதைச் சட்டம் விரித்துக் கூறவில்லை. ஐம்பது ஆண்டுகளாக நடந்த வழக்குகள் யாவும் இச்சிறு இடைவெளியினின்றே முளைத்தன.

1985-இல் சுப்ரீம் கோர்ட்டு, ஆற்றையும் ஏரியையும் அடுத்த சதுப்பு நிலங்களும் சட்டத்துக்குட்பட்டனவே என ஒருமனமாகத் தீர்ப்பளித்தது. 2001-இல் இல்லினாய் மாகாண வழக்கொன்றில், கைவிடப்பட்ட மணற்குழிகளில் தேங்கிய தனிக்குட்டைகளிற் பறவைகள் தங்குகின்றன என்ற ஒரே காரணத்தால் அவை நாட்டு நீராகிவிடா என்று 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்த்தது. 2006-இல் மிச்சிகன் மாகாணத்து வழக்கொன்றில் நீதிபதிகள் பலவாறு பிரிந்தனர். ஏறக்குறைய நிரந்தரமாக ஓடும் நீரே நீர் என்றனர் நால்வர். பெரிய ஆற்றின் தன்மையைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கும் சதுப்பு நிலமும் அடங்கும் என்றார் நீதிபதி கென்னடி. எது விதி என்பது தெளிவுபடாமலே நின்றது.

பின்னர் ஆட்சி மாறுந்தோறும் விதி மாறிற்று. 2015-இல் ஒபாமா ஆட்சியினர் எல்லையை விரித்தனர். 2020-இல் டிரம்ப் ஆட்சியினர் சுருக்கினர். 2021-இல் அரிஸோனா மாகாணத்திலுள்ள சமஷ்டி நீதிமன்றம் அச்சுருக்கத்தைத் தள்ளியது. ஒரே ஓடை ஓர் ஆட்சியில் நாட்டு நீராகவும் அடுத்த ஆட்சியில் வெறும் பள்ளமாகவும் எண்ணப்பட்டது.

இந்நிலையிலேதான் சாக்கெட் வழக்கு எழுந்தது. ஐடஹோ மாகாணத்துப் பிரீஸ்டு ஏரியின் அருகே ஒரு தம்பதியர் 2004-இல் மனை வாங்கி, வீடு கட்டும் பொருட்டு மண் கொட்டினர். அது சதுப்பு நிலம் என்றும், கொட்டியதை அகற்றாவிடின் நாளொன்றுக்குப் பல்லாயிரம் டாலர் தண்டம் விழும் என்றும் 2007-இல் உத்தரவு வந்தது. அவ்வுத்தரவை எதிர்த்து வழக்காடலாம் என்ற உரிமையைப் பெறவே அவர்களுக்கு 2012 வரை சென்றது. சிறு மனைக்காரர் ஒருவர் தம் நிலம் சட்டத்துக்குட்பட்டதா என்பதை அறிய இத்துணைப் பாடு படுவது முறையன்று என்பதை எவரும் ஒப்புவர். எதிர்த்தரப்பினர் கூற்றிலும் நியாயம் உண்டென்பதை நாம் மறத்தலாகாது.

2023 மே 25-இல் தீர்ப்பு வந்தது. அத்தம்பதியர் வெல்ல வேண்டும் என்பதில் ஒன்பது நீதிபதிகளும் ஒன்றுபட்டனர். ஆனால் இனி வழங்கவேண்டிய விதி யாது என்பதில் 5-க்கு 4 எனப் பிரிந்தனர். நீதிபதி அலிட்டோ எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின்படி, ஏறக்குறைய நிரந்தரமான நீர்நிலைகளும், அவற்றோடு மேற்பரப்பிலே இடையறாது தொடர்ந்து, நீர் முடிந்து சதுப்பு தொடங்குமிடம் காண்டற்கரிதாய் நிற்கும் சதுப்பு நிலங்களும் மட்டுமே நாட்டுச் சட்டத்துக்குட்படும். இம்முடிவை மறுத்த நீதிபதி கவனா, கரையொன்று இடையே நிற்பதனாலேயே மிசிசிப்பி போன்ற பேராறுகளை அடுத்த சதுப்பு நிலங்களும் காவலை இழக்கக்கூடும் என எச்சரித்தார். நீர் கரையின் அடியிலும் கசிந்து செல்லும். சட்டமோ கரையின் மேலே மட்டும் பார்த்தது. 2025 நவம்பரிலே சமஷ்டி நிலையத்தார் எல்லையை மேலும் சுருக்கும் விதியொன்றை முன்மொழிந்தனர்.

3. மூவகை மாகாணங்கள்

நிற்க. நாட்டுச் சட்டம் பின்வாங்கிய இடத்தில் காவல் முற்றும் ஒழிந்துவிட்டதா? இல்லை. மாகாணங்கள் தத்தம் எல்லைக்குள் நாட்டுச் சட்டத்தினும் கடுமையான விதி செய்துகொள்ளலாம் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகின்றது. நீரைக் காக்கும் முதற்பொறுப்பு மாகாணங்களுடையது என்றும் அது முகப்பிலே குறிக்கின்றது. 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பும் இதனை எடுத்துக்காட்டிற்று. உரிமை உளது, அதனைப் பயன்படுத்தினார் எவர் என்பதே கேள்வி. இவ்வகையில் மாகாணங்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதல் வகையார் முன்னரே வேலி கட்டியிருந்தோர். கலிபோர்னியா 1969-இல் இயற்றிய நீர்ச்சட்டம் மாகாண எல்லைக்குட்பட்ட மேல்நீர், நிலத்தடி நீர், உவர்நீர் யாவற்றையும் மாகாண நீர் எனக் கொண்டது. சதுப்பு நிலங்களைத் தூர்ப்பதற்கெனத் தனி நடைமுறையை 2019-இல் ஏற்று 2020-இல் நடைமுறைப்படுத்தியது. ஓரிகன் மாகாணம் 1967-லேயே தூர்த்தலுக்கும் அகழ்தலுக்கும் அனுமதி வேண்டும் என விதித்தது. மினஸோட்டா 1991-இல் சதுப்பு நிலப் பாதுகாப்புச் சட்டம் செய்தது. நியூயார்க்கு 1975-இல் இயற்றிய சட்டம் 12.4 ஏக்கருக்குக் குறையாத சதுப்பு நிலங்களையே பெரும்பாலும் காத்தது. 2022-இல் அதனைத் திருத்தி, 2025 முதல் சிறப்புடைய சிறு நிலங்களும் அடங்கவும், 2028-இல் பொது அளவு 7.4 ஏக்கராகக் குறையவும் வழி செய்தனர்.

இரண்டாம் வகையார் வேலி சாய்ந்தபின் விரைந்து எழுந்தோர். இவர்களுக்கு வழிகாட்டி விஸ்கான்ஸின். 2001 ஜனவரியில் மணற்குழித் தீர்ப்பு வந்தது. அவ்வாண்டு மே மாதத்திற்குள் தனித்த சதுப்பு நிலங்களுக்கு மாகாணக் காவல் அளிக்கும் சட்டத்தை அவர்கள் நிறைவேற்றிவிட்டனர். 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பிற்குப் பின் கொலராடோ முதலில் முன்வந்தது. 2024 மே மாதத்தில் கவர்னர் போலிஸ் கையொப்பமிட்ட சட்டத்தால், சமஷ்டிக் காவல் நீங்கிய ஓடைகளையும் சதுப்பு நிலங்களையும் தூர்க்க மாகாண அனுமதி வேண்டும் என்றாயிற்று. உழவுத்தொழிலுக்கும் பாசன வாய்க்கால் பழுது பார்த்தலுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. கொலராடோ மலைநாடு. கொலராடோ, அர்க்கன்ஸா, ரியோ கிராண்டி, தென் பிளாட் ஆகிய ஆறுகள் அங்கே பிறக்கின்றன. பனி உருகுங்காலத்து மட்டும் ஓடி எஞ்சிய நாளில் வறண்டு கிடக்கும் ஓடைகள் எண்ணிறந்தன. அவ்வோடைகள் தூர்ந்தால் பல மாகாணங்களைக் கடந்து செல்லும் பேராறுகள் தலையிலே நோயுறும்.

நியூ மெக்ஸிக்கோவின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. அங்கே மழை பெய்தாலன்றி ஓடாத காட்டோடைகள் மிகுதி. கடலை அடையாது உள்நாட்டிலேயே முடியும் வடிநிலங்களும் உண்டு. எனவே நிரந்தர நீர் என்னும் அளவுகோல் அம்மாகாணத்து நீர்நிலைகளுட் பெரும்பாலனவற்றைப் புறத்தே தள்ளிற்று. மேலும், அழுக்கு விடும் அனுமதியைத் தாமே வழங்கும் அதிகாரத்தை ஏற்காதிருந்த மூன்று மாகாணங்களுள் அது ஒன்று. மற்றவை மாசசூஸெட்ஸும் நியூ ஹாம்ப்ஷயரும். பிறர் கையிலிருந்த காவல் விலகியபோது தம் கையிலே கோலில்லை. 2024-இல் அமெரிக்க ஆறுகள் என்னும் சங்கத்தார் நாட்டில் மிகவும் ஆபத்துக்குள்ளான ஆறுகளின் வரிசையில் நியூ மெக்ஸிக்கோ ஆறுகளை முதலில் வைத்தனர். 2025 ஏப்ரலில் கவர்னர் லூஹான் கிரிஷாம் கையொப்பமிட்ட சட்டம் மாகாணமே அனுமதி வழங்கும் ஏற்பாட்டுக்கு அடிகோலியது.

மூன்றாம் வகையார், நாட்டுச் சட்டம் ஓரடி பின்வாங்கத் தாமும் உடன் பின்வாங்கினோர். வட கரோலினாவில், தீர்ப்பு வந்து ஐந்து வாரத்திற்குள், 2023 ஜூன் 27-இல், கவர்னர் கூப்பரின் மறுப்பைத் தள்ளி ஒரு சட்டம் நிறைவேறியது. சமஷ்டிக் காவல் இல்லாத சதுப்பு நிலங்களுக்கு மாகாணக் காவலும் இல்லை என்றது அது. இந்தியானா 2021-லும், டென்னஸி 2025-லும் தம் சதுப்பு நில விதிகளைத் தளர்த்தின. நாட்டுச் சட்டத்தினும் கடுமையான விதி தம் மாகாணத்தில் ஆகாது என்று முன்னரே சட்டம் செய்து தம் கையைத் தாமே கட்டிக்கொண்ட மாகாணங்களும் உள.

4. மோனோ ஏரியின் சான்று

மாகாணச் சட்டம் எத்துணை செய்யவல்லது என்பதற்குக் கலிபோர்னியாவின் மோனோ ஏரி ஏற்ற சான்றாகும். அது மலையடிவாரத்து உப்பேரி. அதற்கு வரும் ஓடைகளின் நீரை 1941 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தார் குடிநீருக்குத் திருப்பிக்கொண்டு சென்றனர். நாற்பதாண்டுகளில் ஏரியின் மட்டம் ஏறக்குறைய 45 அடி தாழ்ந்தது, உவர்ப்பு இருமடங்காயிற்று. ஏரியின் நடுவே கடற்காக்கைகள் முட்டையிடும் தீவு கரையோடு ஒட்டிக்கொள்ள, 1979-இல் ஓநாய் இனத்துக் கொயோட்டிகள் நடந்து சென்று கூடுகளை அழித்தன.

இதனை உலகுக்குக் காட்டினோர் கல்லூரி மாணவர் என்பது நம்மவர் கருத்திற் பதியவேண்டிய செய்தி. 1976-இல் பல்கலைக்கழக மாணவர் சிலர் அவ்வேரிக்கரையிலே கூடாரமடித்துத் தங்கி, உவர்நீர் இறாலையும் ஈயையும் பறவைகளையும் எண்ணிக் கணக்கெடுத்தனர். 1978-இல் ஏரியைக் காக்க ஒரு கமிட்டி அமைந்தது. ஆடுபன் சங்கத்தார் தொடுத்த வழக்கில் 1983-இல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு பொதுநம்பிக்கைக் கோட்பாட்டை நாட்டிற்று. நீர்நிலைகள் மக்கள் பொருட்டு அரசாங்கம் தருமகர்த்தாவாக இருந்து காக்கும் சொத்து; ஒருமுறை ஒருவருக்கு அளித்த உரிமையையும் அரசு மறுபடி ஆராய்ந்து அளவுபடுத்தலாம் என்பது அக்கோட்பாடு. ஏரிகளின் அடிநிலத்தை அரசு தனியார்க்கு முற்றும் விட்டுக்கொடுத்தல் ஆகாது என 1892-லேயே நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு சிக்காகோ துறைமுக வழக்கிற் கூறியிருந்தது. 1994-இல் மாகாண நீர் வாரியம், கடல்மட்டத்தினின்று 6,392 அடி வரை ஏரி உயர வேண்டும் என ஆணையிட்டது. 2025 முடியவும் ஏரி அம்மட்டத்தை எட்டவில்லை. எனினும் வறண்டு அழியும் நிலையினின்று தப்பிற்று.

5. மாகாணக் காவலின் குறைகள்

மாகாணச் சட்டமே போதுமானால் நாட்டுச் சட்டம் ஏன் வேண்டும்? இதற்கு விடை நீரின் இயல்பிலேயே உளது. நீர் எல்லைக்கல்லை அறியாது. அர்க்கன்ஸா மாகாணத்துப் பேயட்வில் நகரத்தின் கழிநீர், எல்லை கடந்து ஓக்லஹோமாவுக்குட் செல்வது பற்றிய வழக்கு 1992-இல் தீர்ந்தது. அந்த அனுமதி செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்த்தாலும், கீழைமாகாணத்தின் தூய்மை அளவை மேலைமாகாணத்து அனுமதியிலும் வற்புறுத்தச் சமஷ்டி நிலையத்திற்கு அதிகாரம் உண்டு என ஏற்றது. நாட்டு நீர் என்ற பெயர் ஓர் ஓடைக்கு இல்லையாயின் கீழைமாகாணத்தார்க்கு இந்த வழியும் அடைபடும். கொலராடோ தன் ஓடைகளைக் காத்தால் கீழுள்ளோர் பிழைப்பர். காவாது விட்டால் அவர்கள் தம் சட்டத்தை எத்துணை கடுமையாக்கியும் பயனில்லை.

இரண்டாவது குறை பொருட்குறை. அனுமதி வழங்க நிபுணர் வேண்டும். மேற்பார்வைக்கு ஆள் வேண்டும். தூர்த்தல் அனுமதியைச் சமஷ்டி அரசாங்கத்தின் சார்பில் தாமே நடத்த முன்வந்த மாகாணங்கள் மூன்றே. மிச்சிகன் 1984-லும், நியூ ஜெர்ஸி 1994-லும் ஏற்றன. பிளாரிடா 2020-இல் ஏற்றதை 2024-இல் நீதிமன்றம் செல்லாதாக்கிற்று. மூன்றாவது, ஒரு சட்டசபை செய்ததை அடுத்த சட்டசபை அழிக்கலாம் என்பது. அண்டை மாகாணத்துக்கு ஆலைகள் ஓடிவிடும் என்ற 1972-க்கு முந்திய அச்சமும் மீண்டும் தலைகாட்டும்.

ஆகவே மாகாணக் காவல் நாட்டுக் காவலுக்கு முழுதும் ஈடாகாது என்பதே நமது துணிபு. ஆயினும் வீட்டின் பெருங்கதவு பழுதுற்றபோது உள்ளறைக் கதவையேனும் தாழிடுதல் அறிவுடைமை. தாழ் செய்து வைத்திருந்த மாகாணங்கள் 2023-இல் கலங்கவில்லை. பிறர் காவலையே நம்பியிருந்தவை ஒரே நாளில் வெறுங்கையாய் நின்றன.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று மாணவர்கள் கொள்ளத்தக்கவை மூன்று என எண்ணுகின்றோம். ஒன்று, சட்டத்தில் ஒரு சொல் தெளிவின்றி நிற்பின் அதன் விலையைப் பின்வரும் தலைமுறை கொடுக்கும்; ஆதலின் சொல்லாராய்ச்சி புலவர்க்கு மட்டும் உரிய வேலையன்று. இரண்டு, வறண்ட ஓடையை ஓடையன்று என இகழ்தல் கூடாது. ஆண்டிற் சில நாளே ஓடும் நீரே பேராற்றிற்குப் பிறப்பிடம். மூன்று, ஒரு பொருளைக் காக்கும் கடமை பெரியோர் ஒருவரிடம் மட்டும் இருப்பது ஆபத்து. அடுத்தடுத்த படிகளிலும் அக்கடமையை ஏற்பார் இருத்தல் வேண்டும்.

நமது கல்லூரியிலே உக்கிராணத்துவம் என்னும் சொல்லை அடிக்கடி கேட்கின்றோம். நமக்கு உரிமையல்லாத பொருளை உரியவர் பொருட்டு உண்மையோடு பேணுதலே அதன் பொருள். நீரும் அத்தகைய பொருளே. மோனோ ஏரிக்கரையிலே மாணவர்கள் கையிற் குறிப்பேட்டோடு சென்றபோது அவர்களிடம் அதிகாரம் யாதும் இருந்ததில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதும் பொறுமை ஒன்றே இருந்தது. அப்பொறுமையிலிருந்து ஒரு வழக்கும், வழக்கிலிருந்து ஒரு கோட்பாடும், கோட்பாட்டிலிருந்து ஓர் ஏரியின் வாழ்வும் கிடைத்தன. விடுமுறையில் ஊர் செல்லும் நம் மாணவர்களும் தம் ஊர் ஓடை எங்கே பிறந்து எங்கே சேர்கின்றது, அதன் வழியில் எவர் என்ன கொட்டுகின்றார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவாராயின், இக்கட்டுரை எழுதிய பயன் நமக்குக் கிட்டியதாகும்.